மிஞ்சிய ஒரு ஸ்க்ரூ

என் பழைய டைரி ஒன்றின் பின்னட்டையில் சிறிய காகித உறை ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ. சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருக்கும்; தட்டைத் தலை, கழுத்தில் லேசான துரு. உறையின் மேல், 'மிக்சி. இடம் தெரியவில்லை' என்று என் கையெழுத்து. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு என்று நம்புகிறவள் நான். இடம் தெரியாமல் என்னிடம் எட்டு வருடம் கிடந்தது இந்த ஒன்றுதான். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் ஓரகத்தியின் சிரிப்பு காதில் கேட்கும்.

ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நான் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் தீவுகளுக்கு வந்தவள். அவள் இங்கேயே பிறந்து, கம்பவுண்டரான அப்பாவுடன் கமோர்ட்டா தீவில் வளர்ந்தவள். அவள் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து ஹிந்தி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. என் கணவருக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றலானபோது நாங்கள் எல்லோரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கொழுந்தனுக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை என்பதால், மாதத்தில் பாதி நாள் வீட்டில் நானும் அவளும் என் கணவரும்தான். அவள் சீரக டப்பாவில் ஓமத்தைக் கொட்டுவாள். கத்திரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கமாட்டாள். நான் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு. யாருன்னு மறந்துடப் போற" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய டைரியில், 'மரியாதை குறைவு' என்று எழுதியிருக்கிறேன்.

மழை தொடங்கிய வாரத்தில் என் கணவர் கப்பல் நிற்கும் ஜெட்டியின் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனோம். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சாப்பாடு எதுவானாலும் கூழாக அரைத்து, துணியில் வடிகட்டி, ஸ்ட்ரா வழியாகத்தான். ஒரு திப்பி தொண்டையில் சிக்கினாலும் வாயைத் திறந்து துப்ப வழியில்லை. அதனால் சிறிய கட்டிங் பிளேயர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வாந்தி வந்தாலோ மூச்சு அடைத்தாலோ அந்தக் கணமே கம்பியை வெட்டிவிட வேண்டும். பிளேயர் எப்போதும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூடத்தில் இருந்த அவர் கட்டிலின் தலைமாட்டில் ஆணி அடித்து, சிவப்பு ரிப்பனில் அதைத் தொங்கவிட்டேன். தினமும் மூன்று வேளை பார்த்து, 'பிளேயர் இடத்தில்' என்று குறித்து வைத்தேன்.

அவர் பேச வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதினார். அலுவலகத்தில் மெமோ எழுதிப் பழகிய கை. 'காபி ஆறிவிட்டது.' 'ஃபேனைக் குறை.' சிரித்தால் தாடை வலிக்கும் என்பதால், 'என்னைச் சிரிக்க வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.' அந்தச் சீட்டுகளை எல்லாம் வரிசையாகக் கோர்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது ஐந்து கிலோ குறைந்திருந்தது. அடுத்த முறையும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், அதற்குத் திரும்பவும் போர்ட் பிளேர் போக வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் எழுதிய சீட்டில் இரண்டே சொல்: 'குழாய் வேண்டாம்.' நான் ஆறு வேளைக்கு ஓர் அட்டவணை போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். பருப்பும் சாதமும் காரட்டும், முட்டையும் பாலும், வாழைப்பழமும் சத்துமாவும். மிக்சி ஒரு நாளைக்கு ஆறு முறை ஓடியது. அட்டவணை ஒட்டிய பதினோராவது நாள் காலை, ஜாரில் பருப்புச் சாதத்தைப் போட்டுத் திருகினேன். 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் மிக்சி பார்க்கத் தெரிந்த ஒரே எலக்ட்ரீஷியன் லீவில் மெயின்லேண்டுக்குப் போயிருந்தார். போர்ட் பிளேரில் இருந்த கொழுந்தனுக்குப் போன் செய்து சொன்னேன். சாயந்திரம் அவரே கூப்பிட்டார். "புது மிக்சியே வாங்கி வெச்சுட்டேன் அண்ணி. கப்பல்தான் கெளம்பல. கடல் சரியில்லையாம்" என்றார். எப்போது கிளம்பும் என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசி வீட்டு மலையாள டீச்சர் தன் மிக்சியைக் கொடுத்தார். அது சட்னி அரைக்கிற சின்ன மிக்சி. இரண்டாம் நாளே அதிலிருந்து கருகல் வாடை வந்தது. இரவல் பொருளை எரித்துக் கொடுக்கப் பயந்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மியில் அரைத்தேன். கை ஓயுமளவு அரைத்தும் பாதி துணியிலேயே தங்கியது. அன்று சாயந்திரம், வடிகட்டியதில் எப்படியோ தப்பிய ஒரு பருப்புத் தோல் அவர் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூடிய பற்களுக்குப் பின்னால் அவர் இருமினார். முகம் சிவந்து, கண் பிதுங்கியது. என் கை ரிப்பனை இழுத்து பிளேயரை எடுத்துவிட்டது. அவர் குனிந்து, மூக்கால் மூச்சை இழுத்து, எப்படியோ விழுங்கிவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார். பிளேயரைத் திரும்ப மாட்ட எனக்கு இரண்டு மூன்று முறை ஆணி தவறியது. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் ஓரகத்தி.

மறுநாள் காலை மிக்சியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "பிரிச்சுடலாம் அக்கா. கோலேகா தோ மாலூம் படேகா." திறந்தால்தான் தெரியும் என்கிறாள்.

"பிரிச்சுட்டு? திருப்பிச் சேர்க்கத் தெரியுமா உனக்கு?"

"பிரிக்கத் தெரியும். சேர்க்கறதுக்குத்தான் நீ இருக்கியே."

"வெளையாடாத. இருக்கறதும் போயிடும்."

"இருக்கறதுன்னா எது அக்கா? ஓடாத மிக்சியா?" என்றாள். "கமோர்ட்டாவுல மெக்கானிக் வரணும்னா கப்பல் வரணும். கப்பல் வரணும்னா கடல் மனசு வெக்கணும். எங்கப்பா ரேடியோ, டேபிள் ஃபேன் எல்லாம் நானும் என் தம்பியும் பிரிச்சதுதான். பாதி ஓடிச்சு."

பாதி என்ற சொல் என் காதிலேயே நின்றது. ஆனாலும் முந்தின நாள் இருமல் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சரி என்றேன். செய்தித்தாளை விரித்து, பேனாவால் வட்டங்கள் போட்டு எண் கொடுத்தேன். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவும் கழற்றிய வரிசைப்படி அதன் வட்டத்தில் உட்கார வேண்டும். எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுவேன். அவள் சிரித்தாலும் அதற்குக் கட்டுப்பட்டாள்.

முதலில் அதே பிளக்கில் அயர்ன் பாக்ஸைச் செருகினாள், சூடானது. ஆகவே பிளக்கில் குறை இல்லை. சுமை கூடினால் தானாக வெளியே வந்து மின்சாரத்தை நிறுத்தும், மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினாள், அது வெளியே வந்திருக்கவில்லை. மிக்சியைப் பிளக்கில் செருகாமலே வைத்துக்கொண்டு அடித்தட்டைக் கழற்றினாள். டார்ச்சின் இரண்டு பேட்டரியையும் சின்ன பல்பையும் ஒயரால் இணைத்து, மிக்சியின் ஒயரில் வைத்துப் பார்த்தாள், பல்பு எரிந்தது. ஸ்விட்சில் வைத்தாள்; எரிந்தது. மோட்டாரில் வைத்தபோது எரியவில்லை. மோட்டாரின் இரு பக்கமும் பித்தளைக் கூட்டுக்குள் ஒவ்வொரு கரித்துண்டு இருக்கும்; கார்பன் பிரஷ் என்பார்கள். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தள்ளத் தள்ள அது மோட்டாரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடப்பக்கம் தொட்டுக்கொண்டிருந்தது. வலப்பக்கம் கூட்டுக்குள்ளேயே சிக்கி நின்றது. பித்தளையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது.

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கொக்கியில் மிக்சியின் உறை தொங்கியது. உப்புக்காற்று படக்கூடாது என்று மழைக்கோட்டுத் துணியில் நானே தைத்தது. அடியில் நாடா வைத்து இறுக்கிக் கட்டலாம். தினமும் மிக்சியை ஈரத்துணியால் துடைத்து, உடனே உறையை மாட்டி நாடாவை இறுக்குவேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

"அக்கா, குளிச்ச ஈரத்தோட உன்ன ரெயின்கோட்டுக்குள்ள கட்டி வெச்சா எப்படி இருக்கும்?"

செய்தித்தாளின் ஓரத்தில், 'காரணம்: நான்' என்று எழுதினேன். அதை எட்டிப் பார்த்தவள் அன்று முதல் முறையாகக் கேலி செய்யாமல் விட்டாள்.

சிக்கிய துண்டை இழுத்தெடுக்க வேண்டும். கத்திரிக்கோல் முனை உள்ளே போகவில்லை. ஊக்கு வளைந்தது. அழுத்தினால் கரி உடைந்துவிடும். மெல்லிய மூக்குள்ள ஏதாவது வேண்டும். இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் சிவப்பு ரிப்பனுக்குப் போனது.

"அது வேண்டாம்" என்றேன். "வேற எது வேணா எடு. அது அங்கயே இருக்கட்டும்."

கட்டிலிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. என் கணவர் பிளேயரைத் தானே கழற்றி ஒரு கையில் வைத்திருந்தார். மறு கையில் சீட்டு: 'கொடு. நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.'

அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. பிளேயர் அவர் கைக்கு எட்டும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்றேன். "அப்ப மிக்சி அங்க வரட்டும்" என்று ஓரகத்தி செய்தித்தாளோடு எல்லாவற்றையும் தரையில் இழுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். ஸ்க்ரூக்கள் உருண்டன. நான் பாய்ந்து பொறுக்கி வட்டங்களில் வைத்தேன். அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. அவ்வளவு கவனம் என்று நினைத்தேன். கரித்துண்டைப் பிளேயரால் பிடித்து, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாக இழுத்தாள். முழுதாக வந்தது. கூட்டின் பச்சையைச் சுரண்டி, கரியின் பக்கங்களைத் தீப்பெட்டியின் உரசும் பட்டையில் தேய்த்து, ஸ்பிரிங்கோடு உள்ளே தள்ளினாள். சரக்கென்று போய்த் தொட்டது. பல்பு எரிந்தது. பிளேயர் ரிப்பனுக்குத் திரும்பியது. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, அவள் பன்னிரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கினாள். பன்னிரண்டு வட்டமும் காலி.

பிளக்கைச் செருகி, ஒன்றில் திருகினேன். மிக்சி உறுமிக்கொண்டு ஓடியது. ஓரகத்தி, "அரே வாஹ்!" என்று வீடு அதிரக் கத்தினாள். கத்திய வாயிலிருந்து ஒரு ஸ்க்ரூ தெறித்து, டிங் என்று தரையில் விழுந்தது. உருண்டவற்றை நான் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், எண் போடாமலே ஒன்றைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டவள், அதை அப்படியே மறந்திருக்கிறாள்.

"இது எங்க இருந்தது?" என்றேன்.

"தெரியலையே. ஓடுதுல்ல? அப்ப அது எக்ஸ்ட்ரா."

"எந்தக் கம்பெனிக்காரன்டி எக்ஸ்ட்ரா ஸ்க்ரூ போடறான்?"

"அக்கா, ஓடற மிக்சிய நீ மறுபடி தொட்ட, நான் மெயின்லேண்டுக்கு ஓடிருவேன். ஓடாம நின்னா அப்ப தொறந்து தேடு. இப்ப சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். என் கணவர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவள் சூரை மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். முள் நீக்கிய மீனையும் சாதத்தையும் குழம்போடு சேர்த்து, பால் போல ஆகும் வரை அரைத்து இரண்டு முறை வடிகட்டினேன். துணியில் ஒன்றும் தங்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் முழுவதையும் உறிஞ்சினார். பிறகு எழுதினார்: 'உப்பு குறைவு. இன்னும் ஒரு டம்ளர்.' காபியைத் தவிர, இத்தனை நாளில் அவர் சாப்பாட்டில் குறை சொன்னது அதுதான் முதல் முறை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்று சிரித்தோம். அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. குழாய் என்ற பேச்சே எழவில்லை. கப்பலில் புது மிக்சி வந்தபோது அதைப் பெட்டியோடு ஓரகத்தியிடமே கொடுத்துவிட்டேன். எனக்குப் பழையதே போதும் என்றேன்.

இப்போது நாங்கள் போர்ட் பிளேரின் டெலானிபூரில் இருக்கிறோம். அவள் இன்னும் கார் நிக்கோபாரில். போன ஞாயிற்றுக்கிழமை காலை மிக்சி கரகரவென்று எதையோ உரசிக்கொண்டு நின்றது. "புதுசு வாங்கிடு" என்றார் என் கணவர். முறுக்கை நொறுக்கிக்கொண்டே சொன்னார். நான் பிளக்கைப் பிடுங்கி, செய்தித்தாளை விரித்து, வட்டம் போட்டு, தனியாகப் பிரித்தேன். மோட்டாருக்குக் கீழே விசிறியை மூடும் பிளாஸ்டிக் மூடி சாய்ந்து விசிறியில் உரசியிருந்தது. மூடிக்கு மூன்று துளை. இரண்டில் ஸ்க்ரூ. ஒன்று காலி. டைரியை எடுத்து, உறையைப் பிரித்து, அந்த ஸ்க்ரூவை வைத்துத் திருகினேன். கடைசிச் சுற்று வரை தடையில்லாமல் போய் உட்கார்ந்தது. மிக்சி ஓடியது.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"எட்டு வருஷம் அது இல்லாம ஓடுச்சுல்ல? எக்ஸ்ட்ராதான்னு அப்பவே சொன்னேன்" என்றாள். பிறகு, "ஒண்ணும் மிஞ்சலையா?" என்றாள்.

"ஒண்ணும் மிஞ்சல."

"அப்ப நீ சரியாப் பிரிக்கல அக்கா."

அவள் சிரிப்பு ஓயும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு பேனாவை எடுத்து, உறையின் மேல் எழுதியிருந்ததைக் கோடிட்டு அடித்து, அதன் கீழே, 'விசிறி மூடி, மூன்றாவது துளை' என்று எழுதினேன். உறை காலிதான். ஆனாலும் பிய்க்காமல், அதே பின்னட்டையில் மறுபடியும் ஒட்டி வைத்தேன்.