நயாகராவில் ஒரு தேங்காய்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையும், யாரோ கழித்துக்கட்டிய, இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தும் வைத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டின் பின்னால் போனேன். கரண்ட் கேட்டு நடையாய் நடந்தேன், கம்பம் வரவில்லை. ஆயில் இன்ஜினை மாட்டி லேத்தை ஓட்டினேன். இவன் ஆறு மாசம் தாங்கமாட்டான் என்று பேசினார்கள். இன்று அதே இடத்தில் ஆறு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மறைமலை நகருக்குப் புதிதாக வந்திருக்கிற கம்பெனிகளுக்கு என் பட்டறையிலிருந்துதான் உதிரிபாகம் — புஷ் போகிறது, பின் போகிறது. பெண்ணை டிகிரி படிக்க வைத்தேன். குன்றத்தூரில் மாடி வீடு கட்டினேன் — பிளான் போட்டதும் நானே.

'ஆரம்பித்துவிட்டான்யா' என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது பழசு. புதுசு ஒன்று இருக்கிறது. போன மாதம் நான் நயாகராவைப் பார்த்தேன்!

மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். நானும் என் மனைவி சகுந்தலாவும் போயிருந்தோம். பேத்திக்கு நாற்பது நாள் ஆனதும், 'நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் ஊர் சுத்திப் பார்த்துட்டு வாங்க' என்று மகள் விரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திரும்பும் விமானம். வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை காரில் கிளம்பினோம்.

காரை நிறுத்திய இடத்திலேயே சத்தம் கேட்டது. என் பட்டறைக் கூரையில் ஐப்பசி மழை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்... ஆனால் வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நடக்க நடக்கச் சட்டை நனைந்தது. மழையா? இல்லை. பனியா? அதுவும் இல்லை. யாரோ வானத்தில் உட்கார்ந்து மாவு சலிக்கிற மாதிரி, வெள்ளையாக எதுவோ பறந்து வந்து முகத்தில் உட்கார்ந்தது.

அப்புறம் கைப்பிடிக் கம்பி. அதற்கு அந்தப் பக்கம்...

எப்படிச் சொல்வேன்? பித்தளையைக் கடையும்போது உளி முனையிலிருந்து சீவல் வளைந்து வளைந்து வருமே — அப்படித் தண்ணீர் விளிம்பில் பச்சையாக வளைகிறது. ஒரு நொடி கண்ணாடி. மறு நொடி பால். கீழே எங்கே போய் விழுகிறது என்றே தெரியவில்லை. விழுந்த இடத்திலிருந்து புகை மாதிரி எழுந்து திரும்ப மேலேயே வருகிறது. அதற்குள் ஒரு வானவில், காயப்போட்ட புடவை மாதிரி அசையாமல் தொங்குகிறது. எவ்வளவு நேரம் நின்றேன்? தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பக்கத்தில் சகுந்தலா மெதுவாகச் சொன்னாள்: "கோடி போவுதுங்க."

எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் சுவரைத் தாண்டி வழிந்தால், கோடி போகிறது என்போம். அன்றைக்கு ஊரே தேங்காய் கற்பூரத்தோடு கரைக்குப் போகும். உடைத்த தேங்காயில் ஒரு மூடி தண்ணீருக்கு, ஒரு மூடி வீட்டுக்கு.

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, இது கோடி இல்லை, ஆறு என்று அவளுக்கு விளக்கினார். மேலே ஒரு பெரிய ஏரி, கீழே ஒரு பெரிய ஏரி, மேலே இருக்கிற தண்ணீர் இந்த ஆற்று வழியாகக் கீழே போகிறது என்றார்.

"மேல ஏரிதான? அப்ப இது கோடிதான் மாப்ள" என்று சொல்லி, சகுந்தலா கைப்பையைத் திறந்தாள். துண்டில் சுற்றி, ஒரு தேங்காய்!

எப்போது வாங்கினாள், எங்கே வாங்கினாள்? சுற்றிலும் நீல மழைக்கோட்டு போட்ட கூட்டம். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே வை, போலீஸ் பிடித்தால் மாப்பிள்ளை வேலைக்கே ஆபத்து என்று அடிக்குரலில் சொன்னேன். அவள் அசையவில்லை. வேண்டுதல் என்றாள்.

அவளுக்கு ஒரு வேண்டுதல் இருப்பது எனக்குத் தெரியும். ஏரி கோடி போன வருஷமெல்லாம் என்னைக் கரைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மகள் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை.

"பொண்ணுக்கு இல்லீங்க. உங்க கைக்கு" என்றாள். "இன்ஜினு பெல்ட்டுல கை மாட்டிக்கினு ரத்தமா வந்தீங்களே, ரெண்டு வெரல எடுத்துடலாம்னு டாக்டரு சொன்னாரே, அன்னிக்கு. வெரலு தங்கட்டும், கோடி போறப்ப அதே கையால தேங்கா ஒடைக்க வெக்கிறேன்னு ஏரிக்கரை அம்மாகிட்ட சொன்னேன். பதினாலு வருசமாச்சு."

ஏன் இதை அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இழுத்துக்கினு போயி ஒடைக்க வெச்சா அது வேண்டுதலா? நீங்களா வரணும். நாலு தபா கோடி போச்சு. நாலு தபாவும் அவசர ஆர்டர் கீதுன்னீங்க. இப்ப மூணு வருசமா ஏரி காஞ்சி கெடக்குது. அடுத்தது எப்பவோ, அதுக்குள்ள நான் போய்ட்டா யாரு செய்வாங்க?" கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "இங்க இன்னா ஆர்டர் கீது உங்களுக்கு? இங்க லேத்து கீதா?"

வலது கையை விரித்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. இரண்டு மட்டும் கொஞ்சம் கோணல்.

தேங்காயை வாங்கி, கம்பிக்கு அடியில் இருந்த சுவரில் அடிக்கக் கையை ஓங்கினேன். பின்னாலிருந்து ஓர் அதட்டல். காக்கித் தொப்பி, ஆறரை அடி உயரக் காவலர். மாப்பிள்ளை ஓடிப்போய் இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். சுவரில் அடிக்கக்கூடாது, தண்ணீரில் எதையும் வீசவும் கூடாது என்று காவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சகுந்தலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மூடி தண்ணீருக்குப் போகாவிட்டால் வேண்டுதல் பாதிதானே?

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மூடி போகவேண்டாம், தேங்காய்த் தண்ணீர் போகலாமா என்று கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டார். காவலர் தேங்காயைப் பார்த்தார், என் கோணல் விரலைப் பார்த்தார், சகுந்தலாவைப் பார்த்தார். அப்புறம் புல்வெளி ஓரத்தில் கிடந்த ஒரு பாறையைக் கை காட்டினார்.

தேங்காய் உடைப்பது எல்லாருக்கும் வராது. ஓங்கி அடித்தால் சிதறும், தண்ணீர் மண்ணுக்குப் போகும். உருட்டி உருட்டி நடுரேகையில் சின்னச் சின்னதாய் மூன்று தட்டு தட்டவேண்டும். தட்டினேன். கத்தி வைத்து அறுத்தது போல இரண்டாகப் பிளந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

தண்ணீர் நின்ற மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சகுந்தலா கம்பியோரம் நடந்தாள். கொண்டுவந்திருந்த கற்பூரம் அந்த ஈரத்தில் பற்றவில்லை; போகட்டும் என்றாள். கையை நீட்டி மெதுவாகச் சாய்த்தாள். காற்று அடித்தது. ஊற்றியதில் பாதி அருவிக்குப் போனது, பாதி திரும்பி வந்து எங்கள் முகத்திலேயே தெளித்தது. எது தேங்காய்த் தண்ணீர், எது நயாகரா, எது அவள் கண்ணீர்... யாருக்குத் தெரியும்? கண்ணை மூடி நின்றாள். நானும் மூடினேன். அந்தச் சத்தம் மட்டும், உலகம் பிறந்த நாளிலிருந்து நிற்காத மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

காவலருக்கு ஒரு துண்டு தேங்காய் கொடுத்தோம். தின்றார். இன்னொன்று கேட்டார்.

நேற்று மாப்பிள்ளையிடமிருந்து தபாலில் போட்டோ வந்தது. சகுந்தலா கையில் தேங்காய் மூடி, பின்னால் அருவி. பிள்ளைப்பாக்கத்து உறவுக்காரர்கள் வரை பார்த்துவிட்டு, 'அண்ணிக்கு இன்னா தைரியம்' என்கிறார்கள். படத்தின் பின்பக்கம் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார்: 'அத்தை நயாகராவில் தேங்காய் உடைத்த நாள்.'

அத்தையா? வேண்டிக்கொண்டது அவள், சரி. பதினாலு வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்தது அவள், அதுவும் சரி. விரலைத் தங்க வைத்தது ஏரிக்கரை அம்மன், பாறையைக் காட்டியது தொப்பிக்காரர். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொட்டு சிந்தாமல் உடைத்தது யார்?

மாப்பிள்ளை, அடுத்த தபாலில் திருத்தி அனுப்புங்கள். என் பெயர், இனிஷியலோடு.