லொறி மறித்த வளைவு

மரியகொரட்டிக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேற்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதில் பூனைதான் படுக்கும். விடியலில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போதே கங்காணியோடு ஒரு வாக்குவாதம். மலையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையோடு இன்னொன்று. தராசு முள் நிற்பதற்குள் எழுதுகிற கையை அவள் பிடித்துக்கொள்வாள்.

"ஒனக்கு காலுலதான் சக்கரமா, நாக்குலயுமா கொரட்டியக்கா?" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ரெண்டுலயுந்தான்டி. ரெண்டும் நின்னுச்சின்னா நம்ம எல்லாருக்கும் அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால், நாள் முழுக்க மழையில் நின்றவளுக்கும் அதுதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் இருந்தது ஒரு சின்னஞ்சிறிய இடதுசாரிச் சங்கத்தில். மே தினம் வந்தால் பெரிய கட்சிகள் பஸ் அனுப்பும், தொப்பி கொடுக்கும், சோற்றுப் பார்சல் கட்டும். தோட்டத்துச் சனம் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறும். பச்சைத் தொப்பியோடு போய் நீலத் தொப்பியோடு திரும்பியவர்களும் உண்டு. கொரட்டியின் சங்கத்துக்கு வாடகை வேன் ஒன்று, கொடி ஒன்று. ஆனாலும் அவள் யாரையும் வையமாட்டாள். "தின்னுங்கடி. சோறு அவன் சோறு, வயிறு ஒங்க வயிறு. ஓட்டுச் சீட்டுல புள்ளடி போடயில மட்டும் அத ஞாபகம் வச்சுக்கங்க," என்பாள். அவர்கள் சிரிப்பார்கள், தின்பார்கள், சோறு கொடுத்தவனுக்கே புள்ளடியும் போடுவார்கள். இவள் தலையில் அடித்துக்கொண்டு மறுநாள் மறுபடி ஆரம்பிப்பாள்.

அந்த ஒற்றைக் கொடியைத் தைத்துக் கொடுத்தவர் ஜௌபர் நானா. பதுளை பஜாரில் தையல் கடை. சங்கத்துக் கூட்டங்களில் மைக் பிடிக்க கொரட்டியை முதன்முதலில் மேடையேற்றியவரும் அவரே. காஸாவில் குண்டு விழத் தொடங்கிய பிறகு பதுளையில் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார். கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனாள்.

"குண்டு போடாதேன்னு நம்ம அரசாங்கத்துக்காரங்க வெளிநாட்டுச் சபையில போயி கையத் தூக்குறாங்க. அதே கையால இஸ்ரேலுக்கு ஆள் ஏத்துற ஒப்பந்தத்துல கையெழுத்து வைக்கிறாங்க. கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆச!" என்று அன்றைக்குப் போட்டாள் ஒரு போடு. "அங்க தோட்டத்துல, கட்டடத்துல வேல செஞ்ச பலஸ்தீன சனத்த கேட்டுக்கு வெளியில நிறுத்திப்புட்டாங்க. அந்த எடத்துக்கு நம்ம புள்ளைங்க வேணுமாம். ஏன் தெரியுமா? பக்கத்துப் பசி கோவப்படும். தூரத்துப் பசி கும்புடு போடும். மொதலாளி எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் இது அவனுக்குத் தெரியும்."

சும்மா சொல்லவில்லை. அவள் பட்டது அது. மகன் றொனி கைக்குழந்தையாக இருந்த காலத்தில் தோட்டத்தில் சம்பளப் போராட்டம் நடந்தது. யாரும் மலைக்குப் போகவில்லை, கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. நிர்வாகம் மொனராகலைப் பக்கமிருந்து லொறியில் ஆள் கொண்டுவந்தது. தொழிற்சாலைக்குப் போகிற பாதையில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. அங்கே கொரட்டி குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நடுப்பாதையில் படுத்துவிட்டாள். "ஏத்துடா பாப்பம்!" என்று கத்தினாள். டிரைவர் ஏற்றவில்லை. லொறி வந்த வழியே திரும்பிப் போனது. அதிலிருந்து அந்த இடத்துக்கு லொறி மறிச்ச வளைவு என்றே பேர்.

அந்தக் கதையை அவள் சொல்லாத நாளில்லை. அடுத்தவன் உரிமைக்காக வேலையை விட்டு நிற்கும்போது அந்த இடத்தில் போய் நிற்கிறவன் கருங்காலி. அதைவிடக் கேவலமான பிறவி உலகத்தில் கிடையாது. "லொறியில இருந்ததுல ஒருத்தன், ஒருத்தி நிமிந்து பாக்கல. எல்லாம் தலைய தொங்கப் போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமில்ல?" என்று முடிப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் இது நடந்தது.

சம்பள நாளன்று ஆளுங்கட்சி அமைப்பாளர் இந்திரஜித் பெரட்டுக் களத்துக்கு வந்தார். கையில் மாலை. கொரட்டி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, எந்த இடத்தில் குறுக்கே கேள்வி போடலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "இஸ்ரேல் விவசாய வேலைக்கு நம்ம கட்சி மூலமா இந்தத் தோட்டத்துல இருந்து தெரிவான மொத ஆள்" என்று அவர் சொன்னபோது, "எந்த வீட்டுக் கருங்காலிடி அது?" என்று பக்கத்துப் பெண்ணிடம் உரக்கவே கேட்டாள்.

"தம்பி றொனி!"

பண்டாரவளையில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்த மகன் கூட்டத்தின் முன்னால் போய்க் கழுத்தை நீட்டினான். கை தட்டியவர்கள் எல்லாரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். கொரட்டி கேள்வி போட வந்ததையே விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். மானம் போயிற்று என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"அங்க வேல செஞ்சவன வெளியில நிறுத்திப்புட்டுத்தான்டா ஒன்ன உள்ளுக்கு கூப்புடுறான்! அதுக்கு என்னா பேருன்னு தெரியுமா?"

"தெரியும்மா. தொட்டில்ல கெடக்கயிலயே அந்தப் பேரக் கேட்டவன் நானு." மாலையை இன்னும் கையில்தான் வைத்திருந்தான். "நான் போகலன்னா சண்ட நின்னுருமா? அந்த எடத்துக்கு இன்னொருத்தன் போவான். நீங்களும் நான் பொறந்ததுல இருந்து கத்துறீங்க. இந்தக் கூரைத் தகரம் மாறுச்சா? மழ பேஞ்சா இன்னமும் சட்டிதானே வைக்கிறோம்?"

"செத்துக்கித்துப் போனீன்னா?"

"இங்க மட்டும் வாழ்ந்துக்கிட்டா இருக்கேன்?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் சாதாரணமாகச் சொன்னான். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய், கழுவிய குடத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பதுளைக்கு பஸ் ஏறினாள். வேறு வாயிலிருந்து ஜௌபர் நானாவுக்கு விஷயம் போய்ச் சேர்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். பசறையில் ஒருமுறை, பதுளைக்குக் கிட்டே ஒருமுறை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

சொன்னாள். தையல் மெஷின் நின்றது.

"எனக்கு கோவம் வருது தங்கச்சி," என்றார் ஜௌபர். "ஆனா யார் மேல வருதுன்னு வெளங்கல்ல. புள்ள மேலயா, அவன ஏத்துற கட்சி மேலயா, காசு குடுக்காத தோட்டத்து மேலயா..."

"என் மேல வரட்டும் நானா. பெத்தவ நானு. நான் மறிப்பேன். அன்னைக்கு லொறிய மறிச்ச எனக்கு அவன ஏத்திக்கிட்டுப் போற ஒரு வேன மறிக்கத் தெரியாதா?"

"அடுத்த வெள்ளிக்கெழம கூட்டம் இருக்கு. நீங்க பேசணும்."

"எந்த வாயால பேசுறது?" என்றாள். அவர் மறுபடி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமாக வரவழைக்கிற தேநீரும் அன்றைக்கு வரவில்லை.

புறப்படுகிற நாள் வந்தது. தோட்டத்து வேதக்கார வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: தூரம் போகிற பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். றொனி பையைக் கட்டிக்கொண்டு அம்மாவைத் தேடினான். அம்மா இல்லை. கொழுந்துக் கூடையும் தண்ணீர்ப் போத்தலும் இல்லை. "மலைக்கி போயிட்டா போல. கல் நெஞ்சுக்காரி," என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி.

அவள் வளைவில் நின்றாள். நடுப்பாதையில், கூடை முதுகில் தொங்க.

வேன் வந்தது. மேல்தோட்டங்களிலிருந்தும் பையன்களை ஏற்றியிருந்தார்கள். முன்சீட்டில் இந்திரஜித். டிரைவர் உள்ளூர்க்காரன், அவளைக் கண்டதுமே பிரேக்கை மிதித்தான். ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

"அக்கா, ஒதுங்குங்க. பிளைட் போயிரும்," என்றார் இந்திரஜித்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். எல்லாரும் தெரிந்த பையன்கள்தான். றொனியோடு பள்ளிக்கூடம் போனவர்கள், அவள் கையால் ரொட்டி வாங்கித் தின்றவர்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். றொனியும் குனிந்துகொண்டான்.

அதே குனிதல். லொறியில் கண்ட அதே பிடரிகள். ஊர் ஊராகச் சொன்னாளே, குற்றமுள்ள நெஞ்சு என்று! பசித்தவன் வேறு எப்படித்தான் உட்கார்ந்திருப்பான்? அந்த லொறிக்காரர்கள் அன்றைக்கு விடியலில் என்ன தின்றுவிட்டு ஏறினார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் யோசித்ததுண்டா? லொறியை மறித்தது பிழையென்று அவளுக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் படுக்க வேண்டிய கால்கள் மடங்க மறுத்தன.

வேனின் கதவு திறந்தது. றொனி இறங்கி வந்தான்.

"நெத்தியில சிலுவ போடாமயே வந்துட்டீங்களே அம்மா."

அவள் கை எழவில்லை. பொய்யாகச் சிலுவை போட அவளுக்குத் தெரியாது. பாதையோரம் ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான். அவன் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். ஒரு கால் வேனுக்குள் போய்விட்டது.

"றொனி!"

வேனுக்குள் எல்லாரும் "ஐயோ" என்றார்கள். புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? சாமி வேறானாலும் வேதம் வேறானாலும் தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் இந்தச் சாத்திரம் ஒன்றுதான். கூப்பிட்டால் போகிறவன் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். இதையெல்லாம் மூடத்தனம் என்று மேடைபோட்டு ஏசியவள் கொரட்டி. டிரைவர் என்ஜினை நிறுத்தினான். "என்னா மடத்தனம் இது, ஸ்டார்ட் பண்ணு!" என்றார் இந்திரஜித். "முடியாதுங்க ஐயா. பெத்தவ கூப்புட்டுட்டா," என்றான் அவன்.

றொனி வந்து மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்தான். அவள் கூடையிலிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தாள். பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"காலையில தின்னியா?"

"ம்."

"மெதுவா குடி." அவன் குடிக்கக் குடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ போறது எனக்குப் புடிக்கல. செத்தாலும் புடிக்காது. ஆனா ஒன்னு சொல்றேன் கேளு. அங்க கேட்டுக்கு வெளியில அந்த சனம் நிக்கிறத பாத்தீன்னா, இப்ப வேனுக்குள்ள குனிஞ்ச மாதிரி குனியாத. நிமிந்து அவங்க மூஞ்சியப் பாரு."

"பாத்து?"

"பாத்துட்டு, அதுக்குப் பொறகும் ஒன்னால அங்க நிக்க முடிஞ்சா நில்லு. முடியலன்னா வா. அம்மா சட்டி வச்சுக்கிட்டு இந்தக் கூரைக்குள்ளயேதான் இருப்பேன்."

அவன் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். எழுந்து அவள் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவள் கை எழுந்தது. கொழுந்துக் கறை படிந்த கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். வேன் போயிற்று. மலைக்குப் பிந்திப் போனதால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டான். அவள் சண்டை பிடிக்கவில்லை என்பதைக் கண்டு அவனுக்கே பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதுளைக் கூட்டத்துக்குப் போனாள். விஷயம் அவளுக்கு முன்னாலேயே பஜாரெல்லாம் போயிருந்தது. "ஊருக்குத்தான் உபதேசம்," என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பேரை வெட்டிவிடலாம் என்றார். ஜௌபர் எழுந்துபோய் மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்.

கொரட்டி கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப அங்க கேட்டுக்கு உள்ளுக்க எம்மகன் நிக்கிறான்," என்றாள். "கேட்டுக்கு வெளியில நிக்கிறவங்களுக்காக நான் பேச வந்துருக்கேன்."