பேச்சுப் பக்கத்தில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழுமாகப் போய்வந்து பழகிய உடம்பு, வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காது. சட்டையைக் கழற்றும்போதே ஒரு கை போனைத் திறந்துவிடும். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை. அந்த நேரம் பார்த்து யாராவது ஏதாவது கட்டுரையில் கைவைத்திருப்பார்களோ என்று அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

கட்டுரை என்றால் இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. அங்கே இவர் பெயர் பூதக்கண்ணாடி. தானே வைத்துக்கொண்ட பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். புதிதாக வரும் வரியையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எங்கோ ஓடும் ஆற்றின் நீளம் தப்பாக இருந்தால் இவருக்கு இங்கே சாப்பாடு இறங்காது. எங்கள் சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் இவரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு துறைமுகத்தைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினார்கள். ஒருவர் வரைபடம் போட்டார், இன்னொருவர் பழைய புத்தகங்களைத் துழாவினார், இவர் இயந்திரங்களை எடுத்துக்கொண்டார். என் அம்மா வேலை பார்த்த துறைமுகம் அது. நான் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்பவள். ஆள் வராத ஒரு மத்தியானத்தில் அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்தேன். எந்தக் கிரேன் எத்தனை டன் தூக்கும், எந்த வருடம் வந்து இறங்கியது, எல்லாம் இருந்தது. ஓட்டிய மனிதர்கள்தான் இல்லை. அவையெல்லாம் தாமாகவே தூக்கித் தாமாகவே இறக்கியதுபோல் எழுதியிருந்தார்கள்.

என் அம்மா அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முதல் பெண். கல்யாணமான புதிதில் இதை இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். இவருக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை துறைமுகத்தில் ஏதோ வேலை பார்த்தார், இப்போது என் தம்பி வீட்டில் இருக்கிறார் என்பதுதான். அம்மா போன் செய்தால், "நல்லாருக்கேன் அத்தை, இருங்க, அவகிட்ட தர்றேன்" என்பார். அதோடு சரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே, கிளினிக் மேசையிலேயே, மேசைவிளக்கு என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அம்மாவின் முழுப்பெயரைத் தலைப்பாகப் போட்டு ஒரு கட்டுரை எழுதினேன். அந்தக் காலத்தில் ஒரு நாளிதழில் அவளைப் பற்றி வந்த செய்தியைச் சான்றாகக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்த உடனே இவர் எழுந்து வந்து, "இதை எழுதினது நீதானே?" என்று கேட்பார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு என் போனைப் பார்த்தேன். கட்டுரையின் தலைமேல் ஒரு சிவப்புக் கட்டம் உட்கார்ந்திருந்தது. 'இவர் குறிப்பிடத்தக்கவர் என்பதற்குப் போதுமான சான்று இல்லை. நீக்கப் பரிந்துரைக்கிறேன். பூதக்கண்ணாடி.'

சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார். "புதுசா ஒரு ஆளு வந்திருக்காங்க. யாரோ ஒரு அம்மாவைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒத்தைப் பேப்பர் செய்தி. அதை வச்சு என்ன பண்றது?"

"யாரு அந்த அம்மா?"

"யாரோ. கிரேன் ஓட்டினவங்களாம்."

"எந்தத் துறைமுகம்?"

"நாங்க எழுதினோமே, அதுதான். அத்தைகூட அங்கதானே ஏதோ ஆபீஸ்ல இருந்தாங்க?"

சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று வீம்பு. இத்தனை வருடம் மாப்பிள்ளை என்று அம்மா இவருக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியிருக்கிறாள். தானாகத் தெரியட்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கட்டுரையை வைத்திருப்பதா நீக்குவதா என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். அந்த வாரம் முழுக்க நான் முள்மேல் உட்கார்ந்திருந்தேன். கிளினிக்குக்கு வந்த ஒருவருக்கு அடுத்த முறை வரவேண்டிய நாள் என்று, கடந்துபோன தேதியைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, எழுதுபவர்கள் அங்கேதான் வழக்காடுவார்கள். நான் அங்கே போய்ச் சண்டை போட்டேன். கிரேனுக்கு இடம் இருக்கிறது, ஓட்டியவளுக்கு இல்லையா என்று கேட்டேன்.

வந்த பதிலைப் படித்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'உங்கள் வருத்தம் நியாயமானது. நீங்கள் புதியவர், தயவுசெய்து சோர்ந்துபோகாதீர்கள். இவரைப் பற்றி வேறு எங்காவது செய்தி வந்ததா? தேடுவதற்கு நானும் உதவுகிறேன்.'

என் வீட்டுக்காரரா இது? என்னிடம் 'டீ' என்பதே முழு வாக்கியமாக இருக்கும் மனிதர். மேசைவிளக்கு என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு பதில் புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். என் அம்மாவுக்காக நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு, தும்மிக்கொண்டே வீடு திரும்பினார். யாருக்காக என்றுதான் அவருக்குத் தெரியாது. நான் அடுப்பருகே நின்றபடி போனில் கேள்வி கேட்பேன், பக்கத்து அறையிலிருந்து போனில் பதில் வரும். நடுவில் ஒரு சுவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதில்களுக்காக நான் ஏங்க ஆரம்பித்தேன். மேசைவிளக்கைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

விவாதம் முடிவதற்கு முந்தின நாள் விடுமுறை. மத்தியானம் அந்தக் கேள்வி வந்தது. 'விதிப்படி இதைக் கேட்டாக வேண்டும், தவறாக நினைக்க வேண்டாம். கட்டுரைக்கு உரியவருடன் உங்களுக்குத் தனிப்பட்ட உறவு உண்டா?'

பொய் சொல்லத் தோன்றவில்லை. 'உண்டு. அவர் என் அம்மா. உங்களுக்கு மாமியார்' என்று எழுதி அனுப்பினேன்.

பக்கத்து அறையில் தட்டல் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கையில் போனோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"அத்தை பேரு இதுவா?"

கத்த வேண்டும் என்றுதான் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. "கல்யாணப் பத்திரிகையில அப்பா பேரு மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க உங்களுக்கு அத்தை. ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார். குழாயடியில் போய் நின்று அது சொட்டுவதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எல்லாரும் பார்க்கும்படி விவாதப் பக்கத்தில் எழுதினார். 'இவர் என் மனைவியின் தாயார் என்பதை இன்றுதான் அறிந்தேன். அறியாமல் இருந்தது என் தவறு. எனக்கும் உறவு உண்டு என்பதால் இந்த விவாதத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

அதனால் கட்டுரை பிழைத்துவிடவில்லை. நூலகத்தில் புதிதாக எதுவும் கிடைத்திருக்கவில்லை. மற்றவர்கள் கூடிப் பேசி, ஒரே ஒரு செய்தி போதாது என்று மறுநாள் நீக்கிவிட்டார்கள். அம்மாவின் பெயரைத் தேடினால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. இரண்டு நாள் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் போன் வந்தது. எடுத்தவர் என்னிடம் தரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "அத்தை, காத்தடிச்சா மேல கேபின் ஆடுமா?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கேன். ஆடுமா?"

"ஆடுமாவா? முத நாள் ஏணியில பாதி ஏறிட்டு, கம்பியை விட முடியாம அங்கயே தொங்கிட்டு நின்னேன். கீழ அத்தனை ஆம்பளைங்களும் அண்ணாந்து பார்த்துட்டிருக்காங்க. எப்ப இறங்குவாள்னு."

இதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. இவர் போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கயிற்றைப் பற்றிக் கேட்டார், பிரேக்கைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டு நேரத்தில் எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டார். அம்மா சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் போனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல ஒண்ணைக்கூடக் கட்டுரையில போட முடியாது. எங்கயும் அச்சுல வரலை."

"அப்ப போனை வச்சிடுங்க."

அவர் வைக்கவில்லை. "நீங்க சொல்லுங்க அத்தை," என்றார். "பாதி ஏணியில நின்னீங்களே, அப்புறம்?"