நாற்பது குதிரையும் ஒரு மச்சானும்

படகுக்காரர் தம் மச்சானுக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், அக்கரையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். எழுதி வாங்காமல் கொடுத்த பணம். எழுதாத கடனுக்கு வட்டி வாயால் வசூலாகும் என்பது படகுக்காரருக்கு அப்போது தெரியாது.

மற்றபடி எல்லாம் தெரிந்த மனிதர்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. கூலிக்குத் துடுப்புப் போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்தப் படகு வாங்கியவர். அப்பன் சொத்து என்று அதில் ஓர் ஆணி கிடையாது. அப்படிப்பட்டவர் ஊரில் நாலு பேரைப் போல் எட்டும் பத்துமாக மோட்டார் மாட்டுவாரா? கடன் வாங்கி நாற்பது குதிரை சக்தியில் மாட்டினார். இத்தனைக்கும் ஆற்றின் அகலம், இக்கரையில் ஒருவர் இருமினால் அக்கரையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் தூரம்.

ஊர் அவருக்கு ‘நாப்பது குதிரை’ என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

மோட்டாரோ யானைக்குட்டி கனம். படகின் பின்பக்கம் தண்ணீரில் குந்திக்கொண்டது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. கொஞ்சம் வேகம் வைத்தால் போதும், முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்காரர்கள் மடியில். முனையில் கனமாக எதையாவது வைக்கச் சொன்னார் மெக்கானிக். படகுக்காரர் மணல் மூட்டை தேடிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து அங்கே உட்கார்ந்தார். படகு சமமானது. இரும்பு விற்று விற்று மச்சானின் உடம்பும் சரக்கைப் போலவே ஆகியிருந்தது.

அன்று முதல் அந்த இடம் மச்சானுடையது. கடைக்குப் போக, வர, பொழுது போகாவிட்டால் சும்மாவும் ஏறுவார். டிக்கெட் கிடையாது. பயணிகளைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

“எப்படிப் பறக்குது பாத்தீங்களா? எல்லாம் என் காசு.”

எத்தனை நடையோ அத்தனை தடவை. படகுக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஆற்றில் குதிக்கலாம் போலிருக்கும். கடனை விட்டெறியலாம் என்றால், பெட்ரோல் போட்டது போகக் கையில் நிற்பது சொற்பம்.

“என்னங்க, மோட்டார் நமக்காக ஓடுதா, பங்க்காரனுக்காக ஓடுதா?” என்றாள் மனைவி.

“ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா?”

“தெரியுமே. பங்க்ல முதலாளின்னு கூப்பிடுறாங்க.”

அந்த வார்த்தை தைத்தது. மறுநாளே மெக்கானிக்கிடம் போனார்.

“அண்ணே, உங்க படகுக்கு எட்டு குதிரை போதும். நாப்பதுல நீங்க ஓட்டுறது அஞ்சோ ஆறோ. மிச்சமெல்லாம் நின்ன எடத்துலயே தீனி தின்னுது.”

“எட்டா? பதினஞ்சு போடேன்.”

“எட்டு.”

“சரி, ஒம்பதாவது?”

“கத்தரிக்காயா அண்ணே வாங்குறீங்க, கொசுறு கேக்குறீங்களே.”

நாற்பதை ஒரு மீன்பிடிப் படகு முதலாளி வாங்கிக்கொண்டார். பழைய எட்டு ஒன்று வாங்கியது போக, மனைவி சேர்த்து வைத்திருந்ததையும் போட்டதில் அறுபதாயிரம் தேறியது. சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மச்சான் எதையும் கவனிக்காமல் ஏறி, வழக்கம்போல் முனையில் அமர்ந்தார். படகு கிளம்பியது. பின்னால் கனமில்லை, முன்னால் மச்சான். படகு மூக்கைத் தண்ணீரில் விட்டு ஒரு வாய் அள்ளி அவர் மடியில் ஊற்றியது.

“மாப்ளே, படகு முழுகுது.”

“முழுகல மச்சான். நீங்க நடுவுல வாங்க.”

பூக்காரிக்கும் தபால்காரருக்கும் நடுவில் மச்சான் தம்மைத் திணித்துக்கொண்டதும் படகு நிதானப்பட்டது. அப்போதுதான் அவர் பின்னால் பார்த்தார்.

“என் மோட்டார் எங்க?”

“வித்துட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

படகுக்காரர் ஊக்கைக் கழற்றிப் பணக்கட்டை நீட்டினார். “எண்ணிப் பாத்துக்குங்க.”

மச்சான் எச்சில் தொட்டு எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். நடுவில் அக்கரை வந்துவிட்டது, ஆனால் ஒருவரும் இறங்கவில்லை.

“சரியா இருக்கு” என்றார் மச்சான், ஏதோ தொலைந்துபோனது போல.

“அப்ப இனிமே உங்களை எட்டுக் குதிரைன்னுதான் கூப்பிடணுமா?” என்று பூக்காரி கிண்டினாள்.

“கூப்பிடு. எட்டும் கடனில்லாத குதிரை.”

மச்சான் கரையில் கால் வைக்கப் போனார். படகுக்காரர் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

“மச்சான், டிக்கெட்.”

“எனக்கா? இத்தனை நாளா கேட்டதில்லையே.”

“முனையில உக்காந்தா எடை. நடுவுல உக்காந்தா பயணி.”

“சில்லறை இல்ல மாப்ளே.”

“கட்டுல ஒண்ண உருவுங்க. நான் தரேன் சில்லறை.”

கட்டைப் பிரிக்க மச்சானுக்கு மனம் வரவில்லை. ஈர வேட்டியின் மடிப்பை அவிழ்த்துத் துழாவி, விரிந்த உள்ளங்கையில் காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.