இரட்டை வேகத்தில் கேட்டவள்

ஆல்டித் லெப்லாங் மனித இருதயத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டது இரட்டை வேகத்தில். அது தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. அந்தக் காதை நம்பித் தன் அக்காவை அவள் எந்த விளிம்புவரை நடக்கவிட்டாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தீவிலிருந்த போர்ட்ஸ்மவுத் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். இருபத்தெட்டு வயதில் விரிகுடாக் கரையிலிருந்த மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து படிக்கும் கல்லூரி. வருஷத்துக்கு ஓர் இடம் மட்டும் தீவுப் பிள்ளைக்கு. அதுவும் வேக வகுப்பில். மற்றவர்கள் நான்கு வருஷத்தில் படிப்பதை வேக வகுப்பு இரண்டே முக்கால் வருஷத்தில் விழுங்க வேண்டும். ஒரு தேர்வு தவறினாலும் நிதான வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கியவர்களைப் பற்றி வேக வகுப்பில் பேசும்போது, செத்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பாடங்கள் எல்லாமே ஒலிப்பதிவில் இருந்தன. அவற்றை உள்ளபடியே கேட்டால் நாள் போதாது என்பதால் வகுப்பே இரட்டை வேகத்தில் கேட்டது. ஆல்டித்தும் கேட்டாள். குளிக்கும்போது, துணி தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது எல்லாம் கேட்டாள். இருதய ஒலிகள் மட்டும் அறுபத்திரண்டு பதிவுகள். முதலாவது, நோயில்லாத நெஞ்சு. அதைத்தான் அதிகம் கேட்டாள். நல்லது எது என்று காதில் ஊறினால்தானே கெட்டது பிடிபடும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற நினைப்பு முதல் வாரத்தோடு போய்விட்டது. எட்டு மாதம் கழித்து, இருதயம் என்றாலே அந்த ஓட்டம்தான் என்று அவள் காது முடிவு செய்துகொண்டிருந்தது.

அதற்குள் உலகமும் மெதுவாகிவிட்டிருந்தது. "எங்க இறங்கணும்" என்று பஸ் ஓட்டுநர் கேட்டு முடிப்பதற்குள் அவள் அலுத்துப்போனாள். கடைத்தெருவில் பேசிக்கொண்டு நிற்கிறவர்களின் வாய் தண்ணீருக்கடியில் அசைவதுபோல அசைந்தது. படிப்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

உயிருள்ள ஆளிடம் பழகிப் பார்க்கும் கட்டம் வந்தபோது முதலில் போனது பக்கத்து வீட்டு டெல்ஃபரிடம். எழுபது தாண்டியவர், படகு செய்து ஓய்ந்தவர். சட்டையைத் திறந்துகொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"நல்லாக் கேளு புள்ள. உள்ள ரெண்டு பொண்டாட்டி சண்ட போடறது கேக்குதா பாரு."

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஒரு அடி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தாள். யாரோ வாசல்வரை வந்து, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்பதுபோல ஓர் இடைவெளி. பிறகு இன்னோர் அடி. பிறகு மறுபடி அந்த நிற்றல். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு. எண் சரியாக இருந்தது. ஆனால் காது அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன, போயிட்டேனா?" என்றார் டெல்ஃபர்.

"நல்லா இருக்கீங்க" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம் இன்னும் ஒன்பது பேர். மீன் வெட்டுகிறவள், தேவாலயத்தில் மணி அடிக்கிறவர், கல்லூரிக் காவலாளி. எல்லோருக்கும் எண் சரி; எல்லோருக்குள்ளும் அதே நிற்றல். தெருவில் நடந்தால், தாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதை இன்னும் யாரும் வந்து சொல்லாததால் கிழங்கு வாங்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் திரிகிறவர்கள் நடுவில் நடப்பதுபோல் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகச் சட்டை மாட்டிய கையோடு, டெல்ஃபர் தன் முற்றத்தில் விழுந்து இறந்தார்.

வயதானவர், இறந்தார், அதில் அதிசயமில்லை. ஆனால் அவர் போவதற்கு முன்பே, "அந்தப் புள்ள என் நெஞ்சக் கேட்டுட்டு மொகம் வெளுத்துப் போச்சு" என்று வேடிக்கையாகப் பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார். சாவு வீட்டில் காப்பியோடு அந்தப் பேச்சும் கைமாறியது. மறுநாளிலிருந்து ஆல்டித் வருவதைப் பார்த்தால் ஆண்கள் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். மளிகைக் கடை செவெரின் அம்மாள் ஒளிவுமறைவே வைக்கவில்லை.

"இந்தா, பார்வைய என் நெஞ்சுல வைக்காத. ரொட்டி மேல வை. ரொட்டிக்கு உசுரு கெடையாது."

அவளிடம் நெஞ்சைக் கொடுக்க மிச்சமிருந்தது அக்கா யூலலி மட்டும்தான்.

லாலி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எட்டு வயது மூத்தவள். கல்லூரி வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து, மாவு உருண்டையைப் பொரித்துக் கருவாட்டோடு விற்பவள். தங்கை வேலையை விட்டபோது, "நீ படி, நான் பொரிக்கிறேன்" என்று ஒரே வரியில் குடும்ப விஷயத்தை முடித்தவள். மதியம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாளானால், பெஞ்சில் மல்லாந்து படுத்து, "வா, வந்து கேட்டுத் தொல" என்பாள்.

அந்த நெஞ்சில்தான் ஆல்டித்துக்கு உயிர் திரும்பியது. அதில் நிற்றல் இல்லை. வாசலில் யாரும் தயங்கவில்லை. முதலாம் பதிவு அப்படியே அச்சு மாறாமல் ஓடியது.

"இந்த ஊர்லயே நல்ல நெஞ்சு உனக்குத்தான், லாலி."

"நெஞ்சு நல்லா இருந்து என்ன, உடம்புல சதையில்லயே. நாலு பேரு சாப்பாட்ட ஒருத்தி திங்கிறேன், எங்க போகுதுன்னே தெரியல. பாவாடைக்கு ஊக்கு குத்திட்டு நிக்கிறேன். செவெரின் கெழவி கேக்குறா, எந்தப் பயலுக்காக இப்படி எளைக்கிறேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அவ புருஷனுக்காகன்னு சொன்னேன்."

லாலி கடகடவென்று பேசினாள். ஊரே தண்ணீருக்கடியில் கிடந்தபோது அவள் பேச்சு மட்டும் ஆல்டித்தின் காதுக்குச் சரியான வேகத்தில் வந்தது. புளிச்சாறு ஊற்றும்போது அவள் கை நடுங்கி மேசையில் சிந்தியது. மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும் மழைநாளிலும் அவள் அட்டையால் விசிறிக்கொண்டாள். கழுத்து முன்புறம் லேசாகப் புடைத்திருந்தது. இவையெல்லாம் சேர்ந்தால் என்ன நோய் என்று தேர்வில் கேட்டிருந்தால் ஆல்டித் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ஆனால் லாலியைத் தேர்வில் யாரும் கேட்கவில்லை. மற்ற நெஞ்சுகள் பயம் காட்டியதால் கடிகாரம் பார்த்து எண்ணினாள். லாலியிடம் பயமில்லை. பயமில்லாத இடத்தில் யார் எண்ணுவார்கள்? எட்டு வாரம், ஒரு முறைகூட எண்ணவில்லை. பல மதியங்களில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தபடியே கண் அசந்தும் போனாள்.

செய்முறைத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பத்து அறைகள். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுமணிக்கு வெளியே வர வேண்டும். நோயாளியாக நடிக்க ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் அறையில் பெர்ட்ரண்ட், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்.

"இன்னிக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் ரகசியமாக. "சும்மா பரிசோதனைக்கு வந்தவன். போன மாசம் என்னச் சாகடிச்சுட்டாங்க. இது பதவி உயர்வு."

மூலையில் இருந்த பர்மியப் பேராசிரியர் தெயின் தொண்டையைச் செருமினார். ஆல்டித் கேட்டாள். அடி. நிற்றல். அடி. அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

"கடிகாரம் பாக்காம சொல்லுங்க" என்றார் தெயின். "காதுக்கு என்ன படுது?"

"நிமிஷத்துக்கு நாப்பது, சார். அதுக்கும் கம்மி."

"இப்ப எண்ணுங்க."

"எழுபத்தி ஆறு."

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "பதிவுகள எப்படிக் கேட்டுப் பழகினீங்க?"

அவள் சொன்னாள்.

"எல்லா வருஷமும் ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. உங்க காதுல இருக்கறது நோயில்லாத நெஞ்சு இல்லம்மா. அந்த ஓட்டத்துல ஒரு நெஞ்சு ஓடினா, அந்த ஆளப் படுக்கையில போடணும். வேகத்தக் குறைச்சு மறுபடி கேளுங்க. போங்க, அடுத்த அறை."

மணி அடித்தது. மற்றவர்கள் அறை மாறினார்கள். ஆல்டித் நடைபாதையில் நின்றாள். தான் எண்ணாமல் விட்ட நெஞ்சு எது என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காவலாளி, "உள்ள போ, கதவச் சாத்தணும்" என்றார். அவள் மாடிப்படியில் இறங்கினாள்.

வாசலில் லாலியைச் சுற்றிக் கூட்டம். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை, கன்னம் சிவந்து, கண் பெரிதாக விழித்து, மூன்று பேருக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அது ஒரு மனிதப் பிறவி பேசும் வேகமில்லை என்று ஆல்டித் பார்த்தாள்.

"கையக் குடு."

"எண்ணெ காயுதுடி. பரிச்ச முடிஞ்சுதா அதுக்குள்ள?"

"கையக் குடு, லாலி."

மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தை வைத்து எண்ணினாள். நூற்று ஐம்பத்திரண்டு. தோல் அனலாய்க் கொதித்தது. நடுநடுவே துடிப்பு தடுக்கி விழுந்து எழுந்து ஓடியது.

"அடுப்ப அணை. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என் நெஞ்சு ஊர்லயே நல்ல நெஞ்சுன்ன."

"பொய் சொல்லிட்டேன்."

லாலி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைத்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் ஆல்டித்துக்குப் பெரிய பயமாக இருந்தது. பஸ்ஸில் பத்து நிமிஷம். மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பாதி வழியில் லாலி, "ரெண்டு வாரமா ராத்திரியில கழுத்துக்குள்ள குருவி அடிச்சுக்கற மாதிரி இருந்துச்சு. நீ தெனமும் கேக்கறியே, ஏதாவதுன்னா சொல்லுவன்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆல்டித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த கியூப டாக்டர் யமிலே கழுத்தைத் தொட்டார், கையை நீட்டச் சொன்னார், காய்ச்சல் பார்த்தார். தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது என்றார். "இன்னும் ரெண்டு மூணு நாள் அடுப்பு முன்னாடி நின்னிருந்தா, நின்னபடியே விழுந்திருப்பா." மாத்திரையும் சொட்டு மருந்தும் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது: ஆறு அறைகளுக்குப் போகாததால் தேர்வு செல்லாது, நிதான வகுப்பில் சேர விரும்பினால் ஜனவரியில் வரலாம். ஆல்டித் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

நான்காம் நாள் மதியம். லாலி தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து நாடி பார்த்து, "எழுபத்தி ரெண்டு. பிரமாதம். இனிப் பயமில்ல" என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஆல்டித் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அக்காவின் மார்பில் வைத்தாள்.

அடி. பிறகு ஒன்றுமில்லை. டெல்ஃபருக்குள் நின்ற அதே ஆள், மணி அடிக்கிறவருக்குள்ளும் பெர்ட்ரண்டுக்குள்ளும் நின்ற அதே ஆள், இப்போது லாலியின் வாசலுக்கும் வந்து நின்றான். அடி. மறுபடி அந்த நிற்றல். அக்கா போகிறாள், இதோ போகிறாள் என்று காது சொன்னது. நர்ஸைக் கூப்பிடு என்றது. அவள் கடிகார முள்ளைப் பார்த்து எண்ணினாள். எழுபத்திரண்டு. நம்பவில்லை. இன்னொரு முறை எண்ணினாள். எழுபத்திரண்டு.

லாலி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். அவள் பேச்சும் இப்போது மெதுவாக, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது.

"எப்படி... இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் ஆல்டித், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.