சீட்டு மேசைக்கு ஒரு டீச்சர்

பிரிட்ஜ் போட்டியில் நடுவர் என்று ஒருவர் இருப்பதே, மேசையில் சண்டை வந்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு நினைவுக்கு வரும். கோலப் போட்டிக்கோ பேச்சுப் போட்டிக்கோ ஒரு தடவையாவது நடுவராக உட்கார்ந்து, பரிசு கிடைக்காத பிள்ளையின் அம்மாவிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். பாளையங்கோட்டையில் ஒரு கிளப்பில் அந்த வேலையை ஒன்பது வருஷம் பார்த்தேன். வார நாட்களில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு நடுவர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி, அப்படி ஒரு மேசைக்கு இரண்டு ஜோடி. முதலில் எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும், பிறகு ஆடி எடுத்துக் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்றாக நாலு சீட்டு விழுந்தால் ஒரு பிடி, துருப்பில் சின்னச் சீட்டுகூட மற்ற இனத்தின் ஆஸை வெட்டும். கூட்டாளிக்கு எதைச் சொல்வதானாலும் ஏலத்தில்தான் சொல்லலாம். இருமக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது. போட்டியில் எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுகள்தான் சுற்றி வரும் என்பதால், சீட்டு சரியில்லை என்று குறை சொல்லவும் வழியில்லை. குறை சொல்ல மிச்சம் இருப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி மட்டும்தான்.

நாற்காலி மாறியது

முதலில் நானும் ஆட்டக்காரிதான். என் கூட்டாளி எங்கள் வீட்டுக்காரர் சிதம்பரம், வங்கி அதிகாரி. எட்டு மாசம் சேர்ந்து ஆடினோம். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. நான் தப்பாக ஆடினால் சீட்டை அடுக்கி வைத்துவிட்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் இறக்கிய ஆஸை நானே துருப்புப் போட்டு வெட்டிவிட்டேன். அவர் விசிறியைப் பார்த்த பார்வையில், அது கழன்று விழப்போகிறதோ என்று எதிராளிகளும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் பழைய நடுவர் மகன் வீட்டோடு போய்விடுவதாகச் செய்தி வந்தது. கணக்குப் போடத் தெரிந்த, இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்றார் கிளப் செயலாளர். நான் யோசிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முருகன்குறிச்சி திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் சொன்னார்: "அங்கன நின்னா நீ எனக்கு எதிரயும் இல்ல, என் பக்கமும் இல்ல. வீட்டுக்கு அதுதான் நல்லது கோமதி."

காதில் விழுந்த யோசனை

எங்கள் கிளப்பின் நல்ல ஜோடி சுடலைமுத்து அண்ணாச்சியும் ஏரல் டாக்டரும். அண்ணாச்சிக்குப் பேட்டையில் லேத் பட்டறை, படிப்பு எட்டாம் வகுப்பு. எண்ணெய்க் கறுப்பு ஏறிய விரல்களால் சீட்டில் கறை படக்கூடாது என்று ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்வார். டாக்டருக்கு ஏரலில் முப்பது வருஷ ஆஸ்பத்திரி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளிகளை ஏசி ஏசிப் பழகிய வாய் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கிடையாது என்பதால் அன்றைக்கு அண்ணாச்சியை ஏசுவார்.

ஒரு நாள் எதிராளிகள் நாலு இஸ்பேடு, அதாவது இஸ்பேடு துருப்பாகப் பத்துப் பிடி, கேட்டுவிட்டார்கள். டாக்டர் முறை. கேட்கலாமா வேண்டாமா என்று சீட்டைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாஸ் என்றார். நடுவில் இருந்த எதிராளியும் பாஸ் சொல்ல, அடுத்து அண்ணாச்சி. அவர் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு மற்ற மேசைகளில் எல்லாரும் தைரியமாக மேலே கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி பைய பாஸ் என்று சொல்லிவிட்டார். எதிராளிகள் சுலபமாகப் பத்துப் பிடி எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எதிராளிமேல் புகார் சொல்லத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், சொந்தக் கூட்டாளிமேல் புகார் என்று வந்தவர் இவர் ஒருவர்தான். இந்தக் கையோடு பாஸ் சொல்ல ஒரு மனுஷனுக்கு மனசு வருமா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார்.

கூட்டாளி வெகுநேரம் யோசித்தால் அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துபோகும், அப்படித் தெரிந்ததை வைத்து ஆதாயம் தேடக்கூடாது என்பது விதி. அதைப் படித்திருந்தும் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அண்ணாச்சி விதிப்புத்தகத்தைத் தொட்டதே இல்லை. சீட்டுகளை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "டாக்டரய்யா, நீங்க யோசிச்சது என் காதுல விழுந்துட்டு. விழுந்த பொறவு நான் எப்படி ஏலம் கேக்க?"

சேரன்மகாதேவியில் ஒரு சோதனை

ஒரு தடவை சேரன்மகாதேவியில் கல்யாண மண்டபம் பிடித்துப் போட்டி நடத்தினோம். பன்னிரண்டு மேசை. மண்டபத்தைச் சுற்றி வயல், அறுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஐம்பது பேர் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள் போல. பதினொரு மணிக்கு ஒரு ஏட்டையா சைக்கிளில் வந்து இறங்கினார்.

மேசை விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டத் தாள்கள்தான் இருந்தன. பந்தயம் எங்கே என்று கேட்டார், இல்லை என்றேன். சத்தம் ஏன் இல்லை என்று கேட்டார். அதற்கு விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். நம்பிக்கை வராமல், அண்ணாச்சியின் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு ஆட்டம் பார்த்தார், இன்னொன்று பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தபோது அண்ணாச்சியிடம் எட்டாம் பிடியில் ராணியை ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முடிஞ்சதும் யாரு ஜெயிச்சான்னு ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கம்மா. தெரியாட்டி எனக்கு வேலை ஓடாது."

இஸ்பேடு மூன்று

அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் முதலிடம் வரும் ஜோடிக்குச் சென்னையில் நடக்கும் பெரிய போட்டியில் ஆட இடம் கிடைக்கும். எங்கள் வீட்டுக்காரர் ஏழு வருஷமாகக் காத்திருந்த இடம். அவரும் அவருடைய வங்கி நண்பரும் கடைசி ஆட்டம்வரை முன்னால் இருந்தார்கள். கடைசி மேசையில் எதிராளிகள் அண்ணாச்சியும் டாக்டரும். நாலு பிடி மிச்சம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் தன் சீட்டுகளை விரித்துக் காட்டி, மிச்சம் எல்லாம் எனக்கு என்றார். நேரத்தை மிச்சப்படுத்த எல்லாரும் செய்வதுதான். ஆனால் இஸ்பேடு துருப்பு. அண்ணாச்சி கையில் இஸ்பேடு மூன்று என்ற சின்னச் சீட்டு ஒன்று இருந்தது. அதை முதலில் பிடுங்கிவிட்டு ஆடுவேன் என்று இவர் சொல்லவில்லை. டாக்டர் கையைத் தூக்கினார்.

போனேன். அந்த மூன்று வெளியே இருப்பது தெரியும், வாயால் சொல்லத்தான் விட்டுப்போனது என்றார் இவர். விதிப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. ஆடுகிறவர் அந்தத் துருப்பை மறந்திருக்கக்கூடும் என்று நடுவருக்குத் தோன்றினால் பிடி எதிராளிக்கு. நான் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். இவர் முகத்தைப் பார்க்காமல் படித்தேன். ஒரு பிடியை அண்ணாச்சி பக்கம் கொடுத்தேன். அந்த ஒரு பிடியில் முதலிடம் அண்ணாச்சி, டாக்டர் ஜோடிக்குக் கைமாறிவிட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லி அதற்கான தாளைக் கொடுத்தேன். இவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலு நாள் வீட்டில் பேச்சில்லை. அவருக்கு ரசம் வேண்டும் என்றால் ரசத்தைப் பார்ப்பார், நான் ஊற்றுவேன். எனக்கும் கோபம் இருந்தது, அதைவிட ஒரு பயம் இருந்தது. நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருந்தால், ஏழு வருஷ ஆசையை நான் பறித்தது ஆகுமே. ஐந்தாம் நாள் காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை எழுதாமலே கொண்டுவந்து என் கைப்பை பக்கத்தில் வைத்தார். "அந்த மூணு வெளிய கெடக்கது எனக்கு மறந்துதான் போச்சு கோமதி. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

சீட்டு நிற்கும் சட்டம்

சென்னைப் போட்டிக்கு நாலு மாசம் இருக்கும்போது டாக்டருக்கு வாதம் அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தண்ணி, சரி, வேண்டாம் என்று ஒற்றை வார்த்தைகள் வரும். பாதி நாள் அதுவும் வராது. எத்தனை ஆயிரம் பேரை ஏசிய வாய் என்று அவர் மனைவி வடிவம்மாள் என்னிடம் சொல்லி அழுதார். அண்ணாச்சி பட்டறையில் ஒரு தேக்குத் துண்டை வளைவாக இழைத்து, சீட்டைச் செருக நீளவாக்கில் பள்ளமாகக் காடி எடுத்து, பதின்மூன்று சீட்டும் சாயாமல் நிற்கிற மாதிரி ஒரு சட்டம் செய்துகொண்டு ஏரலுக்குப் போனார். இரண்டு தடவை சீட்டு வழுக்கி விழுந்தது, இரண்டு தடவை திருப்பிக் கொண்டுபோய் இழைத்தார். மூன்றாம் தடவை நின்றது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அண்ணாச்சியும் ஏரல் போய்விடுவோம். நாலு பேர், ஒரு மேசை. டாக்டர் இடது கையால் சீட்டைப் பிடுங்கிப் போடுவார், ஏலத்தைத் தாளில் கிறுக்கிக் காட்டுவார். சென்னைக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எங்கள் வீட்டுக்காரரின் நண்பர் மாற்றலாகிப் போயிருந்தார். முதல் ஜோடியில் ஒருவரும் இரண்டாம் ஜோடியில் ஒருவரும் சேர்ந்து வரலாம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது, அதாவது அண்ணாச்சியும் எங்கள் வீட்டுக்காரரும். அண்ணாச்சி மாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் எழுந்து வரட்டும், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்றார். டாக்டர் ஏலத் தாளை இழுத்து, கோணல்மாணலாக ஏதோ எழுதி அவர் பக்கம் தள்ளினார். 'போம்' என்று இருந்தது, போய் ஆடும் என்று அர்த்தம். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "ஏலம் கேட்டுட்டாரு டீச்சர். இதுக்கு மேல நான் வாயைத் திறக்கப்பிடாது."

எழுத்து மட்டும் வந்த திரை

தொண்ணூறுகளின் கடைசி அது. பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர், பாதி மெஷின்களை எடுத்துவிட்டு மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். சென்னைப் போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் சீட்டுகளையும் முடிவையும் தட்டி இன்டர்நெட்டில் போடுகிறார் என்று தெரிந்ததும், டாக்டரைக் காரில் வைத்து வடிவம்மாள் ஏரலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டெலிபோன் லைன் கத்திக் கத்திச் சேர்வதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். சேர்ந்த பிறகு ஒரு பக்கம் வரக் கால் மணி நேரம், பாதியில் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மூன்று பேர் ஒரு திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, படம் எப்போது வரும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். படம் வராது, எழுத்துதான் என்றேன். அவர் விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மத்தியானம் வரை எங்கள் ஜோடி பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தது. பிறகு ஒரு ஆட்டம் வந்தது. அண்ணாச்சி ஒன்பது பிடி எடுப்பதாகச் சொல்லி எட்டுதான் எடுத்திருந்தார். டாக்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினார். டைமன் ராணி யாரிடம் இருக்கும் என்பதை அண்ணாச்சி தப்பாகக் கணித்திருக்கிறார் என்று எனக்கே புரிந்தது. நாலு கையும் விரித்து வைத்திருந்தால் யாருக்கும் புரியும். டாக்டர் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது, வடிவம்மாள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். அதைத் தள்ளிவிட்டு டாக்டர், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கி, திரையைப் பார்த்தே சொன்னார்: "நான் எதிர இருந்தா... இன்னைக்கு அந்த மனுசன... நல்லா ஏசியிருப்பேன்."

நாலு மாசத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். கடைக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார். வடிவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சிக்குப் போன் போட்டு, நாளைக்கும் ஒரு ஆட்டம் இதே மாதிரி தோக்கச் சொல்லுங்க டீச்சர்."

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், அதில் ஒன்றுகூட எந்த ஜோடியையும் சண்டை போடாமல் ஆட வைக்கவும் இல்லை, சண்டை போட்டதற்காகப் பிரித்து வைக்கவும் இல்லை.