தகவலாளி எண் பதினொன்று

பேரூராட்சிகளில் பெண் கவுன்சிலர்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்பு. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சனி ஞாயிறுகளில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் பஸ் ஏறிப் போய் அவர்களைச் சந்தித்து எழுதிக்கொண்டு வருவேன். பெரும்பாலான வீடுகளில் கணவர்தான் முன்னால் வந்து உட்காருவார். "எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க மேடம், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். கவுன்சிலர் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான் இங்கே சொல்லப்போகிற கவுன்சிலர் அக்கா வீட்டிலும் முதல் நாள் அப்படித்தான் நடந்தது. நான் நீட்டிய ஒப்புதல் படிவத்தைக் கணவர் வாங்கிப் படித்தார். தகவல் தருபவரின் பெயரும் ஊரும் ரகசியமாக வைக்கப்படும் என்று அதில் இருந்தது. "போடு" என்றார். அக்கா கையெழுத்துப் போட்டார். ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோடு நடந்து வந்தவர், பஸ் கண்ணில் பட்டதும் மெதுவாகச் சொன்னார்:

"செவ்வாக்கெழம வாங்க டீச்சர். அவரு மண்டிக்குப் போயிருவாரு."

லீவு போட்டுவிட்டுப் போனேன். வெங்காயத் தாளை அரிந்துகொண்டே மூன்று மணி நேரம் பேசினார். அவர் தெருவுக்கு வந்த குடிநீர்க் குழாய் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்த வீட்டுப் பெண்கள், சிமெண்ட் லாரிகள் ஓடுகிற மெயின் ரோட்டைத் தாண்டிப் போய்த்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். கணவர் ஜெயங்கொண்டத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், அக்கா தனியாகவே மன்றக் கூட்டத்துக்குப் போனார். குழாயை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"அண்ணன் வரட்டும், பேசிக்கலாம், நீ ஒக்காருமான்னாங்க. நான் ஒக்காரல. கூட்டம் முடியுற வரைக்கும் நின்னுகிட்டே இருந்தேன் டீச்சர். வேற எதுவும் பேசத் தெரியல, நின்னேன்."

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. குழாயும் வந்தது. ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்று வேறொரு உறுப்பினரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அக்கா போய்க் கேட்டதற்கு, எழுதியாகிவிட்டது, இனி அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்களாவது எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க. எந்த ஊருல அச்சடிச்சாலும் சரி."

"கண்டிப்பா போடுறேங்கா" என்றேன். கையெழுத்து வாங்கிய படிவம் என் பையிலேயே இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வேட்டை முடித்த பிறகு அந்த நிகழ்வை மையமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். முதலில் அனுப்பிய இதழ் ஒரே வாரத்தில் திருப்பிவிட்டது. அடுத்து, நகர அரசியலுக்கும் கொள்கைக்கும் என்றே வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பல மாதம் பதிலே இல்லை. இணையதளத்தில் 'பரிசீலனையில்' என்ற ஒரே வார்த்தையைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். கடைசியில் இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்தன. அக்கா நின்றுகொண்டே இருந்த பகுதிதான் கட்டுரையின் உயிர் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடவே, அந்தப் பெண்மணி யாரென்று உள்ளூரில் எளிதாகத் தெரிந்துவிடும், பெயர், ஊர், பிரச்சினை எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பெயரைப் போட வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று ஆசிரியருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. விளைவுகளை எடுத்துச் சொல்லி, அவரிடம் புதிதாக எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கி அனுப்பினால் யோசிக்கிறோம் என்றார். மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

தமிழில் புதுப் படிவம் ஒன்று தயார் செய்தேன். நேரில் போவதற்கு முன்னால் போன் செய்தேன். கணவர் எடுத்தார்.

"யாரு?"

"காலேஜ்லேர்ந்து பேசுறேன் அண்ணே. அக்கா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கு. என்ன விஷயம்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

என் நெறியாளரிடம் கேட்டேன். "ஒரு பேருக்காக இத விட்டுறாதம்மா. வேல நிரந்தரமாகணும்னா இந்தக் கட்டுரை வந்தாகணும்" என்றார். அந்த வாரம் விடைத்தாள் திருத்தும் பணி வேறு இருந்தது. அடுத்த வாரமும் நான் பஸ் ஏறவில்லை. தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஊர் 'ஒரு சிறுநகரம்' ஆனது. குடிநீர்க் குழாயைத் தெருவிளக்காக மாற்றினேன். அக்காவைத் தகவலாளி எண் பதினொன்று ஆக்கினேன். கட்டுரை ஏற்கப்பட்டது. கல்லூரியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அச்சுப்பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றையாவது கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அரியலூரில் கல்லூரி படிக்கும் மகளைக் கூப்பிட்டு, "அம்மா பேரு எங்க இருக்குன்னு பாரு" என்றார்.

அந்தப் பெண் விரல் வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினாள். "பேரு இல்லம்மா. பதினொண்ணாவது ஆளுன்னு ஒண்ணு போட்டுருக்கு. மீட்டிங்ல நின்னாங்கன்னு வருது. அது நீதான்னு நெனைக்கிறேன்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா தெருவிளக்குக்காக நின்னாங்கன்னு இருக்கு."

"தெருவிளக்குக்கு நான் நிக்கலையே டீச்சர். தண்ணிக்குத்தான நின்னேன்."

இதழின் விதியைச் சொன்னேன். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஆபீசில் பேசுகிற பேச்சு மாதிரி இருந்தது.

"என்னைக் கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"போன் பண்ணேங்கா. அண்ணன் எடுத்தாங்க."

"அவரு எடுத்தா என்ன? என்கிட்டக் குடுக்கச் சொல்ல வேண்டியதுதான?"

அக்கா அதட்டவில்லை, அழவும் இல்லை. தாள்களை மடித்து மகளிடம் கொடுத்து, "பீரோல வையி" என்றார். எனக்குக் காபி போட்டார். காபி குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தில் விழுந்த புழுவைப் பற்றியும்தான் பேசினார்.

வேலை நிரந்தரமானது. தெருவிளக்குக்காக நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி மேலும் சொல்ல முடியுமா என்று எங்கிருந்தோ ஒரு மாணவி கேட்டு எழுதினாள். நான் பதில் போடவில்லை.

பதவிக்காலம் முடிந்து சில மாதம் கழித்து அக்காவை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஜவுளிக்கடைப் பைகளோடு நின்றிருந்தார். நலம் விசாரித்தார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே, அவர் பெயரோடு, தமிழில் எழுதட்டுமா என்றேன்.

அக்கா பைகளைக் கீழே வைத்தார்.

"வேணாம் டீச்சர். மகளுக்குப் பேசி முடிச்சிருக்கோம். மாப்ள வூட்டுக்காரங்க ஒரு மாதிரி. பொம்பள கூட்டத்துல போயி நின்னுச்சுன்னு தெரிஞ்சா நல்லாருக்காது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பப் போட்டிருந்தா போட்டிருக்கலாம்" என்றார்.

அவர் பஸ் வந்துவிட்டது. பைகளை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவர், "வெயில்ல நிக்காதீங்க, போங்க" என்றார். பஸ் கிளம்பும் வரை நான் அங்கேயே நின்றேன்.